உட்காந்தசாமியின் கொட்டாவி

ஓடைமங்கலத்துப் புத்தர் முதன்முதலாகக் கொட்டாவி விட்டது பஞ்சநதம் வாத்தியார் பேசிக்கொண்டிருந்தபோதுதான்; ஆனால் அது தன் பேச்சுக்கு வந்த கொட்டாவியே இல்லை, தனக்கு முன்னால் பேசினவருக்கு வரவேண்டியது, கல் இல்லையா, வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான் என்று வாத்தியார் அன்றைக்கும் சாதித்தார், அதற்கப்புறம் வெகுநாள் சாதித்தார்.

வாத்தியார் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவர். பள்ளிக்கூடத்தில் பஞ்சநதம் சார், பத்திரிகைகளில் போதிநிலவன். சோழநாட்டு வயல்களில் கழுத்தளவு மண்ணில் புதைந்தும், ஆற்றங்கரையில் துணி துவைக்கிற கல்லாகியும் கிடக்கிற புத்தர்களைத் தேடி, மொபெட்டைச் சாலையோரம் சாய்த்துவிட்டு அவர் சேற்றில் இறங்காத ஊர் கிடையாது, நாய் துரத்தாத ஊரும் கிடையாது. அப்படி அவர் கண்டுபிடித்தவர்தான் ஓடைமங்கலத்துப் புத்தர். கண்டுபிடித்ததாக அவர்தான் சொல்லிக்கொண்டார். ஊர்க்காரர்களைக் கேட்டால், "எங்க உட்காந்தசாமி என்னைக்குத் தொலைஞ்சுபோச்சு, இவரு கண்டுபிடிக்க?" என்பார்கள். வாய்க்கால் மேட்டில் இலுப்பை மரத்தடியில் ஆள் உயரத்துக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற சாமி அது. மழை பொய்த்தால் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள், மழை வந்துவிட்டால் மறந்துபோவார்கள், நடவு நாளில் அதன் மடியில்தான் தூக்குச்சட்டிகள் இருக்கும்.

வாத்தியாருக்கு ஒரு மனைவி, பெயர் தையல்நாயகி, அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அவளுக்குத் தூக்கம் கிடையாது. கஜா புயல் அடித்த ராத்திரி வாத்தியார் பள்ளிக்கூடத்து நிவாரண முகாமில் மாட்டிக்கொள்ள, இவள் வீட்டில் ஒண்டியாய், காற்று தள்ளத் தள்ளக் கதவை முதுகால் முட்டுக்கொடுத்துக்கொண்டு விடியும்வரை நின்றாள். விடிந்து பார்த்தால் கதவு இருந்தது, கூரை இல்லை. கூரையை அப்புறம் போட்டுக்கொண்டார்கள். தூக்கம் மட்டும் திரும்பி வரவே இல்லை. கண்ணை மூடினால், "யாராச்சும் ஒருத்தர் முழிச்சிருக்கணும்ல" என்று உடம்பு உதறிக்கொண்டு எழுந்துவிடும். வைத்தியம் பார்த்தார்கள், கசகசா அரைத்துக் குடித்தாள், மாத்திரை போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், மனைவி தூங்காதது வாத்தியாருக்கு வசதியாகத்தான் இருந்தது. மனிதர் வருஷக்கணக்காக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். 'துக்கம்: தோற்றமும் ஒழிப்பும்' என்பது தலைப்பு. உலகத்துத் துக்கமெல்லாம் எங்கே பிறக்கிறது, எப்படி வளர்கிறது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அவர் அசுர வேகத்தில் எழுதிக்கொண்டிருக்கையில், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் டீ போட்டுக் கொடுக்க வீட்டில் ஓர் ஆள் விழித்திருந்தது. டம்ளரை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவாள். அவர் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டி, "எப்படி இருக்கு?" என்பார். "நல்லாருக்கு, சர்க்கரை போதுமா?" என்பாள் அவள்.

சரி, கொட்டாவிக்கு வருவோம். வைகாசிப் பௌர்ணமி, புத்தர் பிறந்தநாள், பௌத்த வாசிப்பு வட்டத்தின் கூட்டம். வாய்க்கால் மேட்டில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, பொன்னாடைகள், அந்தப் பொன்னாடைகளை மோந்து பார்த்தபடி ஊராட்சித் தலைவி அஞ்சுகத்தின் வெள்ளாடு. வரவேற்றவர் எல்லாரையும் பெயர் சொல்லி வரவேற்றார், முன்னிலை வகித்தவர் வரவேற்றவரையும் சேர்த்து எல்லாரையும் பெயர் சொல்லி வாழ்த்தினார், வாழ்த்தியவரை வாழ்த்த இன்னொருவர் வந்தார், வெயில் ஏறியது, இறங்கியது, கடைசியில் பஞ்சநதம் வாத்தியார் எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்து, "நேரமின்மை கருதி இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன்" என்றார். சொல்லிவிட்டு ஆசையின் வகைகளை விளக்கத் தொடங்கினார். ஆறாவது வகையோ ஏழாவது வகையோ போய்க்கொண்டிருக்கையில், புத்தருடைய கீழுதடு மெல்ல இறங்கிற்று, மோவாய் இறங்கிற்று, கருங்கல் வாய் அகலத் திறந்து உள்ளே கடைவாய்ப்பல் வரைக்கும் தெரிய, இலுப்பை மரத்துக் குருவியெல்லாம் பறக்கிற மாதிரி ஒரு பெருங்கொட்டாவி வெளியே வந்தது. வந்து முடிந்ததும் வாய் பழையபடி மூடிக்கொண்டு, அதே சாந்தம், அதே புன்சிரிப்பு.

முன்வரிசையிலிருந்த அஞ்சுகம், "பாவம், உட்காந்தசாமிக்கு அலுப்பு தட்டிடுச்சு. அதுவும் எம்புட்டு நேரந்தான் கேக்கும்? யாராச்சும் அந்த மைக்கை அணைங்கப்பா" என்று சொல்லி முடிக்கவில்லை, அவளுக்கே கொட்டாவி வந்துவிட்டது. அவளிடமிருந்து பக்கத்து நாற்காலிக்கு, அங்கிருந்து பின்வரிசைக்கு, மைக்செட்காரருக்கு, வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்த எருமைகளுக்கு என்று கொட்டாவி தொற்றிக்கொண்டே போய், கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் தலை தொங்கத் தூங்கிற்று. வாத்தியார் மட்டும் தூங்கவில்லை. தன் குரல் தன் காதில் விழுந்துகொண்டிருக்கிறவரை பேச்சாளன் எவனுக்கும் தூக்கம் வராது. அவர் எல்லா வகையையும் முடித்து, நன்றி சொல்லித்தான் உட்கார்ந்தார். பொழுது சாய எழுந்த ஜனங்கள் சோம்பல் முறித்து, இப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை காலமாச்சு என்று ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டு, கண்ணெல்லாம் தெளிந்து வீட்டுக்குப் போனார்கள்.

தூங்காத இன்னொரு ஆள் தையல்நாயகி. எல்லாரும் தூங்கிப்போனதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் அதிகமாக விழிப்பு வந்துவிட்டது. எழுந்து நின்று செருப்புகளையும் கைப்பைகளையும் காவல் காத்தாள்.

மறுவாரமே வாசிப்பு வட்டம் இரண்டாக உடைந்தது. புத்தர் விட்டது கொட்டாவிதான், அது உலக வாழ்வின் அலுப்பைச் சுட்டுகிறது என்றது ஒரு கட்சி. கொட்டாவியே இல்லை, அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், நாம்தான் பேச விடவில்லை என்றது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் தனித்தனியே கருத்தரங்கம் நடத்தின, இரண்டிலும் புத்தர் வஞ்சகமில்லாமல் கொட்டாவி விட்டார், இரண்டு கட்சியும் நன்றாகத் தூங்கி எழுந்து மறுபடி சண்டை போட்டன.

ஊர் இந்தத் தத்துவத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. தூங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கோரைப்பாய்க் கடை ஒன்று முளைத்தது, தலையணை வாடகைக்குக் கிடைத்தது. டவுன்பஸ் ஓட்டுநர்கள் அந்தத் திருப்பம் வந்ததும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளப் போய் ஒரு பஸ் வயலுக்குள் இறங்கிவிட, 'வாகன ஓட்டிகள் சாலையை மட்டும் பார்க்கவும், சாமி கோவிக்காது' என்று ஊராட்சியில் ஒரு பலகை நட்டார்கள். சிலையை அளந்து பார்க்க வந்த அதிகாரி ஒருவர், திறந்த வாய்க்குள் டேப்பை நீட்டின கையோடு அப்படியே சாய்ந்து தூங்கி, எழுந்ததும் ஊருக்கே நன்றி சொல்லிவிட்டுப் போனார். கொட்டாவி வரவேண்டுமானால் யாராவது சொற்பொழிவாற்ற வேண்டும் என்பதால் பேச்சாளர்களுக்கு அப்படி ஒரு கிராக்கி. ஆயுசில் இளநீர் கண்டிராத எழுத்தாளர்களுக்கெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் விளக்கமா பேசுங்க சார், பிள்ளை இன்னும் தூங்கல" என்று கெஞ்சினார்கள்.

மலைப்பக்கமிருந்து ஒரு தியான ஆசிரியர் வெள்ளைக் கதரில் வந்து 'மௌனத்தின் மகிமை' பற்றி மத்தியானம் முழுக்கப் பேசியதில் புத்தர் விடாமல் விட்ட கொட்டாவிக்கு மூன்று ஊர் தூங்கிற்று. அதே இடத்தில், வாய்க்கால் தண்ணீர் திருப்புகிற தகராறில் இரண்டு பெண்கள் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு ஏசிக்கொண்டபோது மட்டும் சாமி கொட்டாவி விடவில்லை என்பதையும், ஒரு காதை லேசாக அந்தப் பக்கம் சாய்த்த மாதிரி இருந்தது என்பதையும் அஞ்சுகம் எல்லாரிடமும் சொன்னாள்.

இந்த நேரத்தில்தான் பட்டணத்திலிருந்து பதிப்பாளர் தணிகைவேல் வந்து சேர்ந்தார். பௌத்த நூல்கள் போட்டுப் போட்டுக் கிடங்கு நிறைந்துபோன மனிதர். வாத்தியாரின் கைப்பிரதியைத் தூக்கிப் பார்த்தவர், உடனே இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார்.

"சார், படிச்சுப் பாக்க எனக்குத் தெம்பில்ல. புத்தர் இருக்கார்ல? அவர் முன்னாடி வாசிங்க. அவர் கொட்டாவி விடலைன்னா 'புத்தரே விழித்திருந்து கேட்ட நூல்'னு அட்டையில போட்டு நான் அடிச்சுத் தர்றேன். விட்டுட்டார்னா என்னை மன்னிச்சிடுங்க."

கைப்பிரதியோடு வருகிற எல்லாருக்கும் பொதுவாக விதிமுறை வகுத்தார்கள். வாய் முழுக்கத் திறந்துவிட்டால் நூல் தள்ளுபடி, மறுபேச்சே கிடையாது. உதடு பிரியத் தொடங்கும்போதே ஆசிரியர், 'நேரமின்மை கருதி' என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் அது கணக்கில் வராது, அடுத்த பௌர்ணமிக்கு இன்னொரு வாய்ப்பு. குறும்பாக்கள் எழுதுகிறவர்கள் இந்த விதிமுறையில் ஜோராகத் தேறிவிட்டார்கள். புத்தர் வாயைத் திறக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவர்களுடைய கவிதை முடிந்துபோயிருந்தது.

வாத்தியாருக்கு அடுத்த வருஷம் பணி ஓய்வு. புத்தகம் வராமல் ஓய்வு பெற்றால், இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு கட்டுக் காகிதம்கூட அச்சில் இருக்காதே என்று மனிதர் தவித்துப்போனார். பிரமாதமான மூளை வேலை செய்தது. பேச்சில் ஆதாரம் குறைகிறபோதுதான் புத்தர் கொட்டாவி விடுகிறார் என்று முடிவு கட்டி, அடிக்குறிப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார். ஒரு வரிக்கு ஓர் அடிக்குறிப்பு, அந்த அடிக்குறிப்புக்கு இரண்டு அடிக்குறிப்பு என்று சேர்ந்து சேர்ந்து, கடைசியில் அடிக்குறிப்புகள் மட்டும் தனிக் கட்டாகி, அது புத்தகத்தைவிடப் பெருத்துவிட்டது.

"இவ்வளவும் படிக்கணுமா?" என்று கேட்டாள் தையல்நாயகி. கண்ணுக்குக் கீழே கரிக்கோடு போட்டது போலிருந்தது அவளுக்கு.

"படிச்சாத்தான் அவர் ஒத்துக்குவார்."

"அப்ப சரி. காத்தடிச்சா காகிதம் பறக்கும். நான் வந்து பிடிச்சுக்கறேன்."

ஆவணிப் பௌர்ணமி மத்தியானம் மேட்டில் எள் போட்டால் விழ இடமில்லை. ஜனங்கள் பாயும் தலையணையுமாக நம்பிக்கையோடு வந்திருந்தார்கள். பஞ்சநதம் சார் என்றால் கட்டாயம் தூக்கம் உண்டு என்று ஊருக்குத் தெரியும். தணிகைவேல் புத்தர் முகத்துக்கு நேராகக் கைபேசியை ஒரு முக்காலியில் நிறுத்திப் படம்பிடிக்க வைத்தார். புத்தருக்கு முன்னால் ஜமக்காளம் விரித்து வாத்தியார் உட்கார, பக்கத்தில் காகிதக் கட்டின்மேல் எவர்சில்வர் சொம்பைப் பாரம் வைத்துக்கொண்டு தையல்நாயகி உட்கார்ந்தாள். வாத்தியார் வாசிக்கத் தொடங்கினார்.

முதல் அத்தியாயத்துக்குப் புத்தர் அசையவில்லை. இரண்டாவது அத்தியாயத்துக்கும் அசையவில்லை. தூங்க வந்த ஜனங்கள் முணுமுணுத்தார்கள். வாத்தியாருக்குக் குரலில் ஒரு தெம்பு வந்துவிட்டது. அட்டை கண்ணுக்குத் தெரிந்தது, அட்டையில் போதிநிலவன் என்ற பெயர் தெரிந்தது, ஏற்புரைகூட மனசுக்குள் ஓடிற்று. வாய்க்கால் காற்று காகிதங்களை விசிறிற்று, தையல்நாயகி ஒரு கையால் சொம்பையும் ஒரு கையால் ஓரத்தையும் அமுக்கிக்கொண்டாள். துக்கத்தின் காரணங்கள் என்கிற மூன்றாவது அத்தியாயம் வந்தது, அதன் முதல் அடிக்குறிப்பு வந்தது, அப்போது புத்தரின் கீழுதடு லேசாக, ஒரு நெல்மணி அளவுக்கு, இறங்கிற்று.

"சார், நிறுத்துங்க!" என்று தணிகைவேல் கையை ஆட்டினார். "சாமி வாயைத் தொறக்குது சார், 'நேரமின்மை'ன்னு சொல்லிடுங்க!" என்று முன்வரிசையிலிருந்து அஞ்சுகம் கத்தினாள். கெட்டிக்காரர்தானே, வாத்தியார் அந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தார். எடுத்தபோதுதான் அவருடைய இடது தோளில் ஒரு பாரம் வந்து இறங்கிற்று.

திரும்பிப் பார்த்தார். தையல்நாயகியின் தலை. சொம்பைப் பிடித்திருந்த கை தளர்ந்து கிடந்தது. இமைகள் பாதி மூடி, பாதி மூட மாட்டாமல் துடித்தன.

"என்னங்க," என்றாள், வாய் குழற. "நீங்க முழிச்சிருக்கீங்கல்ல?"

"முழிச்சுதான் இருக்கேன். படிச்சிட்டிருக்கேன்ல."

"அப்ப கதவைப் பாத்துக்கங்க."

அங்கே கதவு ஏது? வாய்க்கால் மேடு, இலுப்பை மரம், நாலாபுறமும் வெட்டவெளி. புயல் அடித்த அந்த ராத்திரி முழுக்க அவள் முதுகு கொடுத்து நின்ற கதவு அது என்பதும், அன்றிலிருந்து இன்றுவரை அவள் அதை விட்டு நகரவே இல்லை என்பதும், இத்தனை காலம் டீ கேட்டு டீ கேட்டு அவளை அதே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது யார் என்பதும் துக்கத்தின் காரணங்களைக் கரைத்துக் குடித்த அந்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"பாத்துக்கறேன். நீ தூங்கு தையலு."

அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் புத்தகம் பிழைத்திருக்கும். அவர் அந்த முதல் அடிக்குறிப்பை முழுசாகப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், அதன் கிளைகளைப் படித்தார், நிறுத்தி நிதானமாக, தாலாட்டு மாதிரி, நூலாசிரியர் பெயர்களையும் பக்க எண்களையும் இழுத்து இழுத்துப் படித்தார். புத்தர் வாயைத் திறந்தார். மோவாய் மார்பைத் தொட, கண் இரண்டும் இடுங்க, அதுவரை எவரும் கண்டிராத கொட்டாவி ஒன்று புறப்பட்டு வந்தது. தணிகைவேல் கைபேசிக்குப் பக்கத்திலேயே சுருண்டார். அஞ்சுகம் பாயில் சரிந்தாள். மேடு முழுக்கத் தூங்கிற்று, எருமைகள் தூங்கின, திருப்பத்தில் டவுன்பஸ் ஓரங்கட்டி நின்று பயணிகளோடு தூங்கிற்று. தையல்நாயகி வாயைத் திறந்துகொண்டு லேசான குறட்டையோடு தூங்கினாள்.

நூல் தள்ளுபடி. அதற்குக் கைபேசியே சாட்சி. புத்தரின் கடைவாய்ப்பல்வரை தெளிவாகப் பதிந்து, அதற்கப்புறம் இடம் போதாமல் அணைந்துபோயிருந்தது.

பொழுது இறங்குகிற நேரத்தில் வாத்தியார் கடைசிப் பக்கத்தையும் முடித்து, மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். உடனே தையல்நாயகியின் புருவம் சுருங்கிற்று, தோளிலிருந்த தலை அசைந்தது. ஐயோ என்று பதறிப்போய் முதல் பக்கத்தைப் புரட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். புருவம் விரிந்தது. அடிக்குறிப்புக்காகப் பக்கத்தில் கையை நீட்டினால், கையில் தட்டுப்பட்டது தாடி. அஞ்சுகத்தின் வெள்ளாடு. அவரைத் தவிர கூட்டத்தில் தூங்காத ஒரே ஜீவன் அதுதான். இத்தனை நேரம் அவர் படித்துப் படித்து வைத்த அடிக்குறிப்புக் கட்டு முழுவதையும் சத்தமில்லாமல் தின்று தீர்த்துவிட்டு, ஏப்பம் விட்டபடி அவரைப் பார்த்தது. போகட்டும் என்று விட்டுவிட்டார். அடிக்குறிப்பு இல்லாமல், மைக் இல்லாமல், தோளில் கிடந்த ஒரு காதுக்கு மட்டும் எட்டுகிற குரலில், எதிரே இருப்பவருக்குக் கதை சொல்கிற மாதிரி, துக்கம் எங்கே பிறக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். எழுதியிருந்தது புரியாத இடங்களில் காகிதத்தை விட்டுவிட்டு, புயல் அடித்த ராத்திரி ஒரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையைச் சொன்னார்.

இரண்டாம் முறை புத்தர் கொட்டாவி விடவில்லை. சம்மணத்தைத் தளர்த்தி, ஒரு முழங்கையை முழங்காலில் ஊன்றி, கன்னத்தில் கை வைத்து, வாத்தியார் பக்கம் சாய்ந்து, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக் கேட்டார். பார்த்தது அந்த வெள்ளாடு மட்டும்தான், அதுவும் மறுபடி பொன்னாடையைத் தேடிப் போய்விட்டது.

தெருவிளக்கு எரிந்தது. வாத்தியார் நிமிர்ந்து புத்தரைப் பார்க்கவே இல்லை. அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.